வெள்ளிக்கிழமைக்கு உகந்த வைன்

எங்கள் வீட்டு முன் அறையில் வெள்ளிக்கிழமை தோறும் ஐந்து ஆண்கள் இத்தாலிச் சிவப்பு வைன் குடித்தார்கள். ஐந்து பேரும் எங்கள் ஊர் அம்மன் கோயிலின் பரிபாலன சபைக்காரர். மாலைப் பூசை முடிந்ததும் நெற்றியில் திருநீறும் காதில் பூவும் இருக்க நேரே வந்து, கதிரைகளை இழுத்துப் போட்டு அமர்ந்து, கிளாசைத் தூக்குவார்கள். வெள்ளிக்கிழமையில் எங்கள் ஊரில் யாரும் மச்சம் தொடுவதில்லை. மீன் சட்டியும் இறைச்சிச் சட்டியும் முதல் நாளே கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டுவிடும். அப்படிப்பட்ட நாளில் குடிக்கலாமா என்ற கேள்வியை முதல் முதலில் எழுப்பியவர் சபைத் தலைவர். அவர்தான் என் கணவர். பதில் சொல்ல மற்றவர்கள் அதிகம் யோசிக்கவில்லை. வைன் பழத்தில் செய்தது, பழம் சைவம், ஆகவே வைனும் சைவம் என்று முடிவாகியது. வெள்ளிக்கிழமையில் முட்டை போட்ட கேக் துண்டைக் கையாலும் தொடாதவர்கள் இவர்கள்.

நான் மனையியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் நான் ரீச்சர். எந்தச் சாப்பாடு எதனோடு சேரும், எதனோடு சேராது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தே தொண்டை வற்றியவள். என் படிப்பு இந்த ஐந்து பேருக்கும் ஞாபகம் வந்தது, குசினியில் நின்று சமைக்க ஓர் ஆள் தேவைப்பட்டபோதுதான். மற்ற நான்கு வீடுகளிலும் போத்தல் வாசற்படி தாண்டாது. எங்கள் பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் இருப்பதால் முன் அறை சும்மா கிடந்தது. ரீச்சர் படித்தவர், ஒன்றும் சொல்லமாட்டார் என்று அவர்களே தீர்மானித்துக்கொண்டார்கள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. முட்டாள்தனத்தைக் கிட்ட நின்று பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. பென்சன் எடுத்த பிறகு எனக்கு வேறு பெரிய பொழுதுபோக்கும் இல்லை.

வைனைக் கொண்டுவந்தவர் சபையின் பொருளாளர். வாழ்நாளில் பெரும்பகுதியை இத்தாலியில் கழித்தவர். மனைவியையும் பிள்ளைகளையும் அங்கேயே விட்டுவிட்டு, ஊரில் மாடி வீடு கட்டுவதற்கென்று திரும்பி வந்திருந்தார். வீடு பாதியில் நின்றதால் தமக்கையோடு தங்கியிருந்தார். இத்தாலியில் அவர் ஒரு முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்தவர் என்று அந்தத் தமக்கையே எனக்குச் சொல்லியிருக்கிறார். அதைவிட மரியாதையான வேலை எனக்குத் தெரியாது. அவரோ அதைப்பற்றி வாய் திறக்கமாட்டார். திராட்சைத் தோட்ட முதலாளிகளோடு தோளில் கை போட்டு உலாவியது போலத்தான் கதையளப்பார். தன் நல்ல வேலையை மறைத்து, இல்லாத பெருமையைக் காட்டிய அந்த இடத்திலேயே அவர் எனக்குச் சின்ன மனிதராகிவிட்டார்.

அவர் சொன்னதன்படி அது இத்தாலியின் நடுப்பகுதி மலைச்சரிவுகளில் செய்யப்படும் கலவை வைன். சஞ்ஜொவேசே என்ற அந்த நாட்டுப் பழத்தின் சாறுதான் அதில் பெரும்பங்கு. புளிப்பும் துவர்ப்பும் கூடிய பழம் அது. தனியே நின்றால் நாக்கோடு முரண்டு பிடிக்கும் என்று, பிரெஞ்சு நாட்டு வகைகளான கபர்னேயையும் மெர்லோவையும் அளவாகச் சேர்க்கிறார்கள். ஒன்று கனம் கொடுக்கும், மற்றது வழுவழுப்புக் கொடுக்கும். எனக்கு இது உடனே விளங்கியது. கறித்தூளுக்கு மல்லியும் மிளகாயும் பெருஞ்சீரகமும் அளந்து சேர்ப்பவளுக்கு இது விளங்காமல் போகுமா? விளங்காதவர்கள் முன் அறையில் இருந்தார்கள். அவர்கள் தலையை ஆட்டிய வேகத்திலேயே அது தெரிந்தது.

கிளாசைச் சுழற்று, மூக்கை உள்ளே விடு, ஒரு மிடறு எடுத்து வாயில் உருட்டு என்று பொருளாளர் பாடம் நடத்தினார். என் கணவர் சுழற்றிய சுழற்றலில் அரைக் கிளாஸ் வெள்ளை வேட்டியில் கொட்டியது. பிறகு ஒவ்வொருவரும் மணம் சொல்ல வேண்டும். பொருளாளர் செர்ரிப் பழம் என்றார். உடனே எல்லோருக்கும் செர்ரிப் பழம் மணத்தது. கேக்கின் மேல் ஒட்டிய சீனிப்பாகுச் செர்ரியைத் தவிர வேறு செர்ரியைக் கண்ணால் காணாதவர்கள். அவர்களில் ஒருவர் சண்டிலிப்பாயில் தலைமுறை தலைமுறையாகப் புகையிலைத் தோட்டம் செய்கிறவர். அவரும் கண்ணை மூடிக்கொண்டு செர்ரி என்றார். அவர் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம் வந்தது. நான் குசினியில் நின்று பேணியில் ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன். அது பதமாகக் காய்ந்த புகையிலை மணத்தது. வாயில் வைத்தால், பழுத்தும் பழுக்காத நாவற்பழம் தின்றபின் நாக்கு வறண்டு நிற்குமே, அந்தத் துவர்ப்பு. தன் வீட்டுப் புகையிலைக் குடிலில் நாள் முழுக்க நுகர்ந்த மணத்தை வெளிநாட்டுக் கிளாசுக்குள் கண்டு சொல்லத் துணிவில்லாத மனிதரை என்ன செய்வது?

வைனில் எனக்குக் குற்றம் இல்லை. அது நல்ல சாமான். அதனால்தான் அதற்கு நடந்த அநியாயத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எங்கள் ஊரில் குடி முதலில், சோறு பிறகு. சோற்றில் கை வைத்தால் குடி முடிந்தது என்று அர்த்தம். இந்த வைன் சாப்பாட்டோடு சேர்ந்து நடக்க வேண்டியது. முதல் வெள்ளி அவர்கள் பருத்தித்துறை வடையைக் கடித்துக்கொண்டு குடித்தார்கள். உறைப்பும் துவர்ப்பும் சந்தித்தால் நாக்கில் நெருப்புப் பிடிக்கும். ஐந்து பேரும் கண்ணில் நீர் முட்ட, அருமை என்றார்கள். அடுத்த வெள்ளி பொருளாளர் ஒலிவ் காய்ப் போத்தலோடு வந்தார். என் கணவர் ஒன்றை வாயில் போட்டார். கொட்டையைத் துப்புவது நாகரிகமா இல்லையா என்று தெரியாமல் அப்படியே விழுங்கிவிட்டு, இன்னும் ஒன்று எடுத்தார்.

பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் நானே பொருத்தம் தேடத் தொடங்கினேன். தேங்காய்ப்பால் கறிகளோடு வைன் புளித்துப் போயிற்று. பழப்புளி விட்ட எதுவும் அதனோடு சண்டை பிடித்தது. கடைசியில் கத்தரிக்காய் கைகொடுத்தது. நெருப்பில் சுட்டு, கருகிய தோலை உரித்து, சின்ன வெங்காயமும் உப்பும் நல்லெண்ணெயும் சேர்த்துப் பிசைந்தேன். பச்சை மிளகாயைக் கிட்டவும் விடவில்லை. றோஸ் பாணைத் துண்டு துண்டாக வெட்டி நெருப்பில் வாட்டி, பாதியாக வெட்டிய தக்காளியை மேலே தேய்த்து, அதில் கத்தரிக்காயை வைத்துக் கொடுத்தேன். தக்காளியின் புளிப்பு வைனின் புளிப்போடு சரிக்குச் சரி நின்றது. கருகல் மணம் துவர்ப்பை அடக்கியது. மிளகு தூக்கலாகப் போட்ட உழுந்து வடையும் பரவாயில்லை. ஆனால் உண்மையில் அந்த வைன் கேட்டது கொழுப்போடு வதங்கிய ஆட்டிறைச்சியை. மிளகாய் குறைத்து, மிளகும் உள்ளிப் பல்லும் போட்டு மெல்லிய நெருப்பில் பிரட்டினால் அந்தத் துவர்ப்பு அப்படியே உருகிவிடும். ஒரு ஞாயிறு, மிச்சம் கிடந்த போத்தலோடு நான் தனியே செய்து பார்த்தேன். வாரத்தில் ஏழு நாள் இருக்க, அந்த வைனுக்கு ஏற்ற சாப்பாட்டைத் தொட முடியாத ஒரு நாளைத் தேடிப் பிடித்துக் குடித்த மேதைகள் இவர்கள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விடயம்தான். சிரிக்க முடியாதது பிறகு வந்தது.

எங்கள் கோயிலில் வேலை செய்கிற ஒருவர் இருந்தார். வீதி கூட்டுவது, விளக்குகள் துடைப்பது, கிணற்றடி கழுவுவது, திருவிழாவுக்குக் கொட்டகை போடுவது என்று அவர் செய்யாத வேலை இல்லை. கோயிற் காணியிலேயே இரண்டு அறை வீடொன்றில் மனைவியோடும் மகளோடும் இருந்தார். வேலை இருக்கும்வரைதான் வீடு. மகள் உயர்தர வகுப்பில் விஞ்ஞானப் பிரிவு படிக்கிறாள், கெட்டிக்காரி. மனைவி சனிக்கிழமை காலைகளில் என் வீட்டுக்கு வந்து முற்றம் கூட்டி, பாத்திரம் கழுவித் தருவாள். வெள்ளி இரவின் வைன் கிளாஸ்களும் அந்தப் பாத்திரங்களில் அடக்கம். அவள் அவற்றைக் கழுவித் துடைத்து அலுமாரியில் அடுக்குவாள். ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த மனிதர் கள்ளுத் தவறணையில் இருந்து வெளியே வந்ததைப் பொருளாளர் கண்டுவிட்டார். மோட்டார் சைக்கிளை நிறுத்தி நன்றாகப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டாராம். அன்று மாலைப் பூசையில் அதே மனிதர் விளக்குகளுக்கு எண்ணெய் விட்டார் என்பதுதான் பெருங்குற்றம். கள்ளுக் குடித்தவன் அம்மன் சந்நிதியில் நிற்பதா என்று அன்றே எங்கள் முன் அறையில் கொதித்தார்கள். கொதித்தபோது ஆளுக்கொரு கிளாஸ் கையில் இருந்தது. விசாரணை அடுத்த வெள்ளிக்கு வைக்கப்பட்டது.

மறுநாள் அவர் மனைவி வழக்கம்போல் பின்பக்கத்தால் வந்தாள். விளக்குமாற்றை எடுக்காமல் கிணற்றடியில் நின்றாள். அழுதிருந்தாள் என்று முகம் சொல்லியது.

"ரீச்சர், அந்த மனுசன் குடிச்சது உண்மை. நான் பொய் சொல்ல வரேல்லை" என்றாள். "வேலையாலை நிப்பாட்டினா வீட்டையும் விடச் சொல்லுவினம். அரியாலையிலை என்ரை தமையன் ஒரு அறையுக்கை ஆறு பேரோடை இருக்கிறார். பிள்ளை எங்கை இருந்து படிக்கிறது? ஐயாவோடை ஒருக்காக் கதையுங்கோ."

கதைக்கிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய், முதல் நாள் கிளாஸ்களை ஒவ்வொன்றாகக் கழுவினாள். அடியில் உறைந்திருந்த சிவப்புக் கறையை உப்புப் போட்டுத் தேய்த்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கம் என்பது யாருக்கு வரவேண்டுமோ அவர்களுக்கு வராமல் எனக்கு வந்தது.

அன்று பின்னேரத் தேத்தண்ணீரோடு கணவரிடம் கதைத்தேன். நீங்களும் அந்த மனிதரும் குடித்தீர்கள், இருவரும் கோயிலுக்குப் போனீர்கள், அவர் குடித்துவிட்டுப் பூசைக்குப் போனார், நீங்கள் பூசை முடித்துவிட்டுக் குடிக்கிறீர்கள், வித்தியாசம் அவ்வளவுதான் என்றேன். அவர் பத்திரிகையை மடித்து வைத்தார். அது வேறு, இது வேறு என்றார். என்ன வேறு என்று கேட்டேன். கள்ளு வெறிப்பதற்காகக் குடிப்பது, இது சாப்பாட்டோடு சேர்த்து அளவாக எடுப்பது, வெளிநாட்டில் வைத்தியர்களே எடுக்கச் சொல்கிறார்கள், தவிரவும் சபைக்கென்று ஓர் ஒழுங்கு வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார். ஒலிவ் கொட்டையை விழுங்கியவர் ஒழுங்கைப்பற்றிப் பேசியதைக் கேட்டேன். இவரோடு இவ்வளவு காலம் இருந்திருக்கிறேனே என்று என்மேலேயே ஒரு பரிதாபம் வந்தது.

என் கையில் இன்னும் ஒரு துருப்பு இருந்தது. வைனுக்கு என்ன சமைக்கலாம் என்று போனில் தேடியபோது ஒன்றைப் படித்திருந்தேன். சிவப்பு வைனில் கலங்கலும் அதிகத் துவர்ப்பும் இருந்தால், பீப்பாயில் முட்டை வெள்ளைக்கருவை விடும் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. வெள்ளைக்கரு துவர்ப்பைப் பற்றிக்கொண்டு அடியில் படியும், வைன் தெளிந்துவிடும். மனையியல் வகுப்பில் நாங்களும் சூப்பை அப்படித்தான் தெளிய வைத்தோம். இதைச் சொன்னால் ஐந்து பேரும் தாங்களும் வெள்ளிக்கிழமையில் தவறியவர்கள்தான் என்று உணர்வார்கள், தவறியவர்களுக்கு இன்னொருவரின் தவறு பெரிதாகத் தெரியாது, மனம் இளகும் என்று கணக்குப் போட்டேன். மனம் இருக்கிறவர்களுக்குப் போடவேண்டிய கணக்கு அது.

அடுத்த வெள்ளி வந்தார்கள். போத்தலைத் திறந்து மூச்சு விடச் செய்ய வேண்டும் என்று பொருளாளர் முதலில் அதைத் திறந்தார். அவர்கள் பொறுக்காமல் இரண்டு கிளாஸ் முடித்த பின்னர் நான் கத்தரிக்காய்த் தட்டோடு உள்ளே போனேன். தட்டை மேசையில் வைத்துவிட்டு, இந்த வகை வைனை முட்டை வெள்ளைக்கரு விட்டுத் தெளிய வைப்பதும் உண்டு, பொருளாளருக்கு இது தெரிந்திருக்கும்தானே என்று மெதுவாகக் கேட்டேன்.

பொருளாளர் சிரித்தபடி போத்தலைத் திருப்பி, பின்பக்கத்துச் சின்ன எழுத்துகளை முதல் தடவையாகப் படித்தார். படித்துக்கொண்டு போக அவர் முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்தது. எங்களுக்கு இத்தாலி மொழி தெரியாது. ஆனால் முட்டை என்று அதில் எழுதியிருக்கிறது என்பதை அந்த முகத்திலேயே வாசித்தோம்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஐந்து பேரும் கிணற்றடிக்கு ஓடினார்கள். வாளி வாளியாக அள்ளி வாய் கொப்பளித்தார்கள். புகையிலைத் தோட்டக்காரர் வாழையடியில் குனிந்து தொண்டைக்குள் விரல் விட்டார். என் கணவர் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, அம்மாளாச்சி என்று முனகினார். இத்தனை வெள்ளி வெறித்ததற்கு ஒருவரும் கவலைப்படவில்லை. பீப்பாயின் அடியில் எப்போதோ படிந்துபோன ஒரு முட்டைக்குத்தான் அவ்வளவு பதற்றமும்.

ஈரத் தலையோடு திரும்பி வந்து இருந்தார்கள். இளகிய முகம் ஒன்றையாவது காணவில்லை. பயந்த முகங்கள்தான் இருந்தன. கோயிலில் பெரிய அசுத்தம் நடந்துவிட்டது, இனிமேல் ஒரு தூசிக்கும் இடம் கொடுக்கக்கூடாது, கண்டிப்பாக நிற்க வேண்டும் என்று பொருளாளர் சொன்னார். அந்தக் கண்டிப்பைத் தங்கள்மேல் காட்ட முடியாததால், கைக்கு எட்டிய மனிதர்மேல் காட்டினார்கள். கோயில் வேலையாளை விலத்துவது, மாத முடிவில் வீட்டைக் கையேற்பது என்று ஐந்து கைகளும் உயர்ந்தன. ஏகமனதாக என்றார் என் கணவர். காது மடலில் இருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்து, ஒரு பிராயச்சித்தப் பூசைக்கும் ஏற்பாடு செய்தார்கள். ஐயரிடம் பொதுவான தோசம் என்று மட்டும் சொல்வதாக முடிவெடுத்தார்கள். பொருளாளர் எழும்பிப் போகும்போது, இத்தாலியில் முட்டையோ பாலோ படாமல் செய்கிற வைனும் விற்கிறது, மருமகன் வரும்போது கொண்டுவரச் சொல்கிறேன் என்று ஆறுதல் கூறிவிட்டுப் போனார்.

எனக்குத் தூக்கம் போயிற்று. என் கெட்டித்தனம் அந்தக் குடும்பத்துக்கே வினையாக முடிந்துவிட்டது. ஒருவேளை நான் சொல்லாமல் விட்டிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். எதுவாக இருந்தாலும் மாத முடிவில் அவர்கள் நடுத்தெருவில்.

வீட்டைக் கையேற்கும் நாளன்று நான் லாண்ட்மாஸ்ரர் வண்டி ஒன்றைப் பிடித்து அனுப்பினேன். இரண்டு கட்டில், ஒரு றங்குப் பெட்டி, பாத்திரங்கள், புத்தகச் சாக்கு. அவ்வளவும் எங்கள் படலையடியில் வந்து இறங்கின. அந்த மனிதர் தலை நிமிரவில்லை. அவருடைய மனைவி பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பழக்கத்தில் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போகத் தொடங்கினாள்.

"அங்காலை போகாதை பிள்ளை. முன்னாலை வா" என்றேன்.

அவள் நின்றாள். என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். செருப்பைப் படலையடியிலேயே கழற்றிவிட்டு மெல்ல நடந்து வந்தாள். அவர்களை முன் அறைக்குள் விட்டேன். கதிரைகளை ஓரமாக்கிக் கட்டில்களைப் போட்டோம். போத்தல்கள் நின்ற மேசையைத் துடைத்து மகளுக்குக் கொடுத்தேன். அவள் அப்போதே சாக்கை அவிழ்த்து உயிரியல் புத்தகத்தை எடுத்து வைத்தாள்.

கணவர் சந்தையால் வந்து விறாந்தையில் நின்று இதைக் கண்டார். என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் குரலை அடக்கிக்கொண்டு, "உமக்கென்ன விசரே? நான் தலைவர். நான் விலத்தின ஆளை என்ரை வீட்டுக்குள்ளை வைச்சிருந்தால் ஊர் என்ன கதைக்கும்?" என்றார்.

"வீடு என்ரை சீதனம். காணி உறுதியிலை என்ரை பேர்தான் கிடக்கு" என்றேன். "நீங்களும் இதுக்குள்ளை வந்து இருக்கிற ஆள்தான்."

கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் அதைச் சொன்னதில்லை. சொன்னதில் கொஞ்சமும் வருத்தமில்லை. அவர் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட இருந்தார்.

அதன்பிறகு சபைக்காரரின் வெள்ளிக்கிழமைகள் நாறிப்போயின. புதிய போத்தல்கள் வந்து சேர்ந்தன. முட்டை இல்லை, பால் இல்லை என்பதற்கு அடையாளமாக அவற்றில் ஒரு பச்சை இலை போட்டிருந்ததாம். குடிக்கத்தான் இடம் இல்லை. ஒன்றைப் பொருளாளரின் தமக்கை கட்டிலுக்குக் கீழே கண்டெடுத்து, தம்பி கண் முன்னாலேயே மாட்டுத் தொட்டியில் கவிழ்த்தார். ஒரு வெள்ளி பொருளாளரின் காரில் வயல்கரைக்குப் போனார்கள். கண்ணாடியைத் திறந்தால் நுளம்புக் கடி, மூடினால் ஐந்து பேரின் வியர்வை. பிளாஸ்ரிக் கப்பில் குடித்துக்கொண்டிருக்கும்போது பொலிசாரின் வாகனம் ஒன்று அந்தப் பக்கமாகப் போக, இருந்ததெல்லாம் வேட்டிகளில் கொட்டியது. புகையிலைக் குடிலுக்குள் இருந்து குடித்தும் பார்த்தார்கள், அதுவும் சரிவரவில்லை. இதையெல்லாம் என் கணவர் சோகமாகச் சொல்ல, நான் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டேன். உள்ளுக்குள் நான் எவ்வளவு சந்தோசப்பட்டேன் என்று சொன்னால் பாவம் பிடிக்கும்.

முன் அறையில் அந்தப் பிள்ளை படித்தாள். அவளுடைய தகப்பன் கூலி வேலைக்குப் போய்வந்தார். எங்கள் வீட்டில் நாலு பேர் நடமாடுகிற சத்தம் கேட்டு எவ்வளவோ காலம். எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு நாள் கணவர் சபைக் கூட்டத்தால் முகம் மலர்ந்து வந்தார். அம்மன் கருணையே வடிவானவள், ஒரு மனிதனின் முதல் பிழையை மன்னிக்கத்தான் வேண்டும், குடும்பத்தையும் யோசிக்க வேண்டும் என்று சபை மனம் இரங்கி அந்த மனிதரைத் திரும்ப வேலைக்கு எடுத்துவிட்டது, வீட்டுப் பூட்டின் திறப்பும் கையோடு கொண்டுவந்திருக்கிறேன் என்றார். எனக்கே கண் கலங்கியது. ஐந்து பேரில் ஒருவருக்காவது இதயம் இருக்கிறதென்று ஒரு நிமிடம் நம்பிவிட்டேன். அவர் சால்வையை மடித்துக் கொடியில் போட்டபடி, பொருளாளர் கேட்கச் சொன்னார், வாற வெள்ளிக்கு முந்தி முன் அறை காலியாகுமோ என்றார்.

அந்த மனிதரிடம் நானே திறப்பைக் கொடுத்தேன். அவர் அதை மடியில் செருகிக்கொண்டார்.

"என்னத்துக்குத் திரும்ப எடுத்தவை எண்டு எனக்குத் தெரியும் ரீச்சர்" என்றார். "தெரிஞ்சாலும் போகத்தானே வேணும்."

ஓம் என்றேன். கட்டில்களும் றங்குப் பெட்டியும் பாத்திரங்களும் திரும்பிப் போயின. புத்தகங்களை மட்டும் நான் விடவில்லை.

அந்த வெள்ளி மாலைப் பூசை முடிந்து ஐந்து பேரும் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். நெற்றியில் திருநீறு, காதில் பூ. பொருளாளரின் சால்வைக்குள் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. முன் அறைக் கதவு திறந்திருந்தது. மேசை விளக்கின் கீழ் அந்தப் பிள்ளை இருந்து படித்துக்கொண்டிருந்தாள். அவர்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள். இரு என்று கையைக் காட்டினேன். ஐவரும் விறாந்தையில் வரிசையாக நின்றுவிட்டார்கள். என் கணவர் கிட்ட வந்து, அவையளுக்குத்தான் வீடு குடுத்தாச்சே, இந்த அறை இனி எங்களுக்குத்தானே என்று மெல்லக் கேட்டார். நான் மெல்லச் சொல்லவில்லை. மற்ற நால்வருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

"பிள்ளை சோதினை எடுத்து முடியும் மட்டும் அறை அவளுக்கு. உங்களுக்கு வெள்ளிக்கிழமை குடிக்க வேணுமெண்டால் தவறணை திறந்துதான் கிடக்கு. அங்கை விக்கிறதிலை முட்டையும் இல்லை, பாலும் இல்லை. சுத்த சைவம்."